குளத்தி போன வழி

1998-ஆம் வருஷம் ஓணம் முடிந்த வாரத்தில் மாடம்மாளுக்கு அந்தப் பம்ப் வேலை கிடைத்தது. கிழக்கேகோட்டையிலிருந்து தெற்கே பத்து நிமிடம் நடந்தால் ஒரு சந்து வரும். சந்தின் முடிவில் ஏழு மாடி ஃபிளாட் கட்ட அடித்தளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முன்பு அது குளம். எட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ லாரி லாரியாகச் செம்மண்ணும் வீட்டு இடிபாடும் கொட்டி மூடியிருந்தார்கள். குளத்தை மூடியவர்களால் தண்ணீரை மூட முடியவில்லை. பதினைந்தடி தோண்டியதும் நாலு பக்கமும் ஊற்றெடுத்தது. டீசல் பம்ப் ஒன்றை மேலே நிறுத்தி, பள்ளத்தின் கிழக்கு மூலையில் ஒரு சின்னக் குழி வெட்டி, அதற்குள் குழாயை இறக்கிப் பகல் முழுதும் இறைத்தார்கள். அதை ஓட்டிக்கொண்டிருந்த ஆள் ஓணத்துக்கு ஊருக்குப் போனவன் போனவன்தான்.

"எனக்கு ஓட்டத் தெரியும்" என்று மாடம்மாள் சொன்னபோது மேஸ்திரி கோலப்பன் சிரித்தார். திசையன்விளைப் பக்கம் அவள் அப்பா தோட்டக் கிணறுகளில் என்ஜின் பழுது பார்த்தவர் என்பது அவருக்குத் தெரியாது. அவள் கைப்பிடியைப் பொருத்தி நாலு சுற்றுச் சுற்றினாள். என்ஜின் பிடித்துக்கொண்டது. கோலப்பன் சிரிப்பை நிறுத்திவிட்டு, "செரி, நீயே பாத்துக்கோ" என்று போய்விட்டார்.

அவளுக்கு முப்பத்துநாலு வயது. கல்யாணம் ஒன்றரை வருஷம்கூட நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு தம்பி வன்னியராஜைப் படிக்கவைக்கப் பார்த்தாள். அவன் பத்தாவதோடு நிறுத்திக்கொண்டு கம்பி கட்டும் வேலைக்கு வந்தான். அவன் பின்னாலேயே அவளும் திருவனந்தபுரம் வந்தாள். இருவரும் அட்டக்குளங்கரைக்கு அருகே ஒரு அறையில் குடியிருந்தார்கள். பள்ளத்துக்குள் கம்பி கட்டுகிற பன்னிரண்டு பேரில் வன்னியராஜும் ஒருவன்.

மத்தியானம் ஒரு மணி நேரம் என்ஜினை அணைத்து ஆறவிடுவார்கள். எல்லோரும் மேலே கொட்டகைக்குச் சாப்பிடப் போவார்கள். மாடம்மாள் மட்டும் ஏணியில் இறங்கிப் போய், குழாயின் வாயில் அடைத்த சேற்றையும் இலையையும் எடுத்துவிட்டு, அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பாள்.

மூன்றாம் நாள் அவள் தூக்குவாளியைத் திறந்து வைத்துவிட்டுக் குழிக்குள் கையை விட்டபோது ஒரு குரல் கேட்டது.

"மெள்ள எடு. அது என் மேல குத்தறது."

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. குனிந்து குழிக்குள் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகம் தெரிந்தது. அவள் தலையில் துண்டு கட்டியிருந்தாள். தண்ணீரில் இருந்த முகத்துக்குத் துண்டு இல்லை. முடி அவிழ்ந்து நனைந்து கிடந்தது.

மாடம்மாள் அலறவில்லை. குரல் வரவில்லை என்பதுதான் உண்மை. ஏணிக்கு ஓடிப் பாதி ஏறிவிட்டாள். அப்போது கீழேயிருந்து அந்தக் குரல் மறுபடி கேட்டது.

"சாதம் திறந்து கெடக்கு பாரு. காக்கா கொத்திண்டு போகும்."

பேயென்றால் சோற்றுக்குக் காவல் இருக்காது என்று அவளுக்குப் பட்டது. ஏணியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்: "நீ யாரு?"

"இங்க உள்ளவள்."

"இங்க எங்க?"

"இது குளமாக்கும். மறந்துட்டேளோ எல்லாரும்?"

அன்றைக்கு அதற்குமேல் பேச்சில்லை. மாடம்மாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். மறுநாள் இறங்குவதற்கு முன் வெகுநேரம் யோசித்தாள். சேறு எடுக்காவிட்டால் பம்ப் ஓடாது. இறங்கினாள்.

அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. அவளுக்குப் பெயர் கிடையாது. மாடம்மாள் அவளைக் குளத்தி என்று கூப்பிட்டாள். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அவளுக்கென்று முகமும் கிடையாதாம். யார் குனிந்து பார்க்கிறார்களோ அவர்கள் முகத்தை எடுத்துக்கொள்வாளாம். பேச்சும் அப்படித்தான். அக்கிரகாரத்துப் பெண்கள் குளித்தபடி பேசிய தமிழும், எருமை குளிப்பாட்ட வந்தவர்களின் மலையாளமும் அவள் வாயில் கலந்து வரும். குளத்தில் எந்த வீட்டுப் பெண் எந்தப் படியில் உட்காருவாள், எந்த மாமியார் கொடுமைக்காரி, கணவன் இறந்த பாகீரதி என்பவள் எத்தனை வருஷம் விடிவதற்குள் வந்து யாருக்கும் கேட்காமல் அழுதுவிட்டுப் போனாள் என்று எல்லாம் சொல்லுவாள். மாடம்மாள் தன் ஊரின் செம்மணல் தேரியைப் பற்றிச் சொன்னபோது குளத்தியால் நம்பவே முடியவில்லை.

"ஒரு குளமும் இல்லையோ?"

"மழை பேஞ்சா ரெண்டு மாசம் கெடக்கும். பொறவு வெடிச்சுப் போகும்."

"அப்போ அங்க என்னை மாதிரி ஆரும் இல்லை."

"இல்லை."

"பாவம், நீ" என்றாள் குளத்தி.

மாடம்மாள் தினமும் ஒரு கவளம் சோற்றைக் குழிக்குள் போடுவாள். ஊரைவிட்டு வந்த பிறகு இவ்வளவு பேச்சு அவள் யாரோடும் பேசியதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் ஆனதும் ஏணியேறிப் போய் என்ஜினைக் கிளப்ப வேண்டும். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஒன்ன நானே எறைச்சு எறைச்சு வெளிய ஊத்துதேன். ஒனக்கு என் மேல கோவம் இல்லியா?"

"நீ இல்லேன்னா வேற ஒருத்தன் இறைப்பான். அவன் பேச மாட்டான்" என்றாள் குளத்தி. "நீ இறைக்கறது கொஞ்சம்தான். நான் மண்ணுக்குள்ள நெறைய இருக்கேன், கேட்டயோ."

ஐப்பசி பிறந்ததும் துலாமழை பிடித்தது. காலையில் வெயில் காயும். மூன்று மணிக்கு இடியோடு கொட்டும். பள்ளத்தின் மூன்று பக்கம் கெட்டியான பழைய கரைமண். கிழக்குப் பக்கம் மட்டும் குளத்தை மூடிய இடிபாட்டு மண். அது சரியாமல் இருக்கப் பலகை அடித்து, தென்னந்தடிகளைச் சாய்த்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பலகைகளின் இடுக்கில் தண்ணீர் வழியத் தொடங்கியது.

திங்கட்கிழமை மத்தியானம் குளத்தி தானாகப் பேசவில்லை. மாடம்மாள் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் பேசினாள்.

"உன் தம்பி கிழக்குச் சுவர்கிட்ட நின்னுண்டு வேலை செய்யறான் இல்லையோ? அவனை அங்க நிக்க வேண்டாம்னு சொல்லு."

"ஏன்?"

"சுவர் நிக்காது."

மாடம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பலகைகள் நேராகத்தான் இருந்தன. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தள்ளறது நான்தானே" என்றாள் குளத்தி. "அதுக்குப் பின்னால நான் நிக்கறேன். மழை பெய்யப் பெய்யப் பெரிசாறேன். இந்தப் பக்கம் நீங்க இறைச்சு வெறுமையாக்கி வச்சிருக்கேள். எங்க வெறுமையோ அங்க போகாம என்னால இருக்க முடியல. வேண்டாம் வேண்டாம்னு நெனைச்சுண்டே தள்ளறேன், மாடம்மா."

மாடம்மாள் கையில் எடுத்த சோற்றைத் தூக்குவாளியிலேயே போட்டாள். "எப்ப?"

"தெரியாது. இதுபோல மூணு மழை."

அவள் நேராகக் கோலப்பனிடம் போனாள். நாகர்கோவில் பக்கத்து ஆள். முப்பது வருஷம் கொத்து வேலையில் பழுத்தவர். இறங்கி வந்து பலகைகளைத் தட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "எனக்கும் இது புடிக்கல்ல பாத்துக்கோ. சாரு வரட்டும்" என்றார்.

சைட் எஞ்சினியர் சுதீஷுக்கு இருபத்தாறு வயது இருக்கும். சாயங்காலம் வந்து பார்த்தான். இன்னும் நாலு தென்னந்தடி கொடுக்கச் சொன்னான். பிறகு மாடம்மாளைப் பார்த்துக் கேட்டான்.

"சேச்சி, சுவர் விழும்னு ஆரு பறஞ்ஞு?"

"யாரும் சொல்லல சார். சத்தம் கேக்கு."

"வ்யாழாழ்ச்ச கான்க்ரீட். அது கழிஞ்ஞா பின்ன இந்தச் சுவர் விழுந்தாலும் குழப்பமில்ல. மூணு நாளு. அதுவரைக்கும் நிக்கும்." அவன் குரலில் உறுதி இருந்தது. ஆனால் போவதற்கு முன் இரண்டு முறை திரும்பிக் கிழக்குச் சுவரைப் பார்த்தான். சொந்தக்காரர்கள் அவனைத் தினமும் ஃபோனில் விரட்டிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அன்று இரவுச் சோற்றின்போது தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். குளத்தியைப் பற்றியும் சொன்னாள். வன்னியராஜ் சாப்பிடுவதை நிறுத்தி அவளைப் பார்த்தான்.

"எக்கா, நீ தனியா அந்தக் குழிக்குள்ள உக்காந்து திங்காதன்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

"நான் கிறுக்குன்னு வச்சிக்க. நாளைக்கு ஒரு நாள் போவாத."

"மத்த பதினொரு பேரும் நிப்பானுவ. நான் மட்டும் அக்கா சொன்னான்னு வீட்டுல இருக்கவா?"

மற்ற பதினொரு பேரும் யாருடைய தம்பியோதான்.

செவ்வாய்க்கிழமை மழை. புதன்கிழமை காலையில் அவள் ஒரு முடிவோடு வந்தாள். பம்ப் நின்றால் பள்ளத்தில் தண்ணீர் ஏறும். ஆட்கள் மேலே வந்துதான் ஆக வேண்டும். டீசல் குழாயின் மூட்டைத் தளர்த்திக் காற்றை உள்ளே விட்டாள். என்ஜின் இருமிக்கொண்டு நின்றது. கோலப்பன் கத்தினார். அவள் கைப்பிடியைச் சுற்றுவதுபோல் சுற்றினாள். பிடிக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். பதினோரு மணிக்குள் கம்பிகளுக்கு மேல் முழங்கால் தண்ணீர். ஆட்கள் மேலே வந்து பீடி பற்றவைத்தார்கள். மாடம்மாள் பல நாளுக்குப் பிறகு மூச்சை முழுதாக விட்டாள்.

இரண்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. வேறு சைட்டிலிருந்து இரண்டு கரண்ட் பம்புகளும் அவற்றுக்கு ஓர் ஆளும் இறங்கினார்கள். நாலு மணிக்குள் பள்ளம் காய்ந்துவிட்டது. சுதீஷ் அவளைத் திட்டவில்லை. "சேச்சி நாளை முதல் ஓமனாவோட மணல் சுமக்கட்டும்" என்று கோலப்பனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

எல்லோரும் போகும் நேரம். மேகம் கருத்துக்கொண்டு வந்தது. மாடம்மாள் பள்ளத்துக்குள் இறங்கினாள். இரண்டு பம்புகளும் உறுமிக்கொண்டிருந்தன. குழியில் ஒரு கையளவுத் தண்ணீர் மட்டும் கலங்கிக் கிடந்தது. பலகைகளின் பக்கம் போய்க் காதை வைத்தாள்.

"குளத்தி, ஏதாவது சொல்லு. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எல்லாரும் எறங்குதாங்க. ஒரு வழியும் இல்லியா?"

பலகைக்குப் பின்னால் ஏதோ புரண்டு படுப்பதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்கு, இல்ல? ஒனக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்குத நீ!"

"ஓவு உண்டு" என்றாள் குளத்தி.

"என்ன?"

"குளம் நெறைஞ்சா தண்ணி வெளிய போக ஒரு கல்லு மடை. தெக்கு மூலையில. உங்க ஜல்லிக் கூம்பாரம் கெடக்கே, அதுக்கு அடியில ஒரு ஆள் ஆழம். மூடினப்போ அதையும் சேத்து மூடிட்டா. அந்தக் கல்லை எடுத்தா நான் அந்த வழியா போயிடலாம். சுவரைத் தள்ள நான் இருக்க மாட்டேன்."

மாடம்மாள் பலகையை உள்ளங்கையால் அறைந்தாள். "இதத் திங்கக்கெழமை சொன்னா என்ன? மூணு நாளு! என் தம்பி மூணு நாளா இதுக்குக் கீழ நிக்கான்!"

"சொன்னா நான் போகணும்" என்றாள் குளத்தி. அவள் குரல் சிறுத்துப் போயிருந்தது. "குளத்துல இருக்கற வரைக்கும்தான் நான். கால்வாய்ல எறங்கினா எல்லாத் தண்ணியோடயும் தண்ணி. அப்புறம் நான்னு ஒண்ணு இருக்குமோ இருக்காதோ தெரியாது. பேடியா, பயமா இருந்தது. உன்னோட இன்னும் ரெண்டு நாள் பேசலாம்னு இருந்தது."

மழை தொடங்கிவிட்டது. முதல் சொட்டுகள் கம்பிகளின் மேல் விழுந்து தெறித்தன. மாடம்மாளுக்குக் கோபம் வந்த வேகத்தில் வடிந்துவிட்டது. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் தானும் சொல்லியிருக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நாளைக் காலைல வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியேறினாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமலும் கடப்பாரையோடு தெற்கு மூலையில் நின்றாள். ஜல்லியை அள்ளி அப்புறப்படுத்தவே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஏழரைக்கு மணல் சுமக்கும் ஓமனா வந்தாள். இருவரும் அதற்கு முன் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

"எந்தா இது?"

"கீழ ஒரு மடை இருக்கு. தெறக்கணும். தெறக்கலன்னா அந்தச் சுவரு விழும்."

ஓமனா பள்ளத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். அவளுடைய கணவன் சிமெண்ட் கலவை தள்ளுகிறவன். அவனும் இன்று கீழே இறங்க வேண்டியவன்.

எட்டு மணிக்குக் கலவை இயந்திரம் சுற்றத் தொடங்கியது. ஆட்கள் இறங்கினார்கள். மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. மாடம்மாள் இடுப்பளவு குழியில் நின்று குத்திக்கொண்டிருந்தாள். எங்கே குத்துவது என்று தெரியாமல் நிற்கும்போதெல்லாம் ஓரிடத்தில் மண் நனைந்து கசியும், அங்கே குத்துவாள். உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. ஒன்பதரைக்குக் கடப்பாரை 'ணங்' என்றது.

"எட்டீ, அங்க என்னத்தத் தோண்டுக?" கோலப்பன் குடையோடு ஓடி வந்தார். "கலவையெல்லாம் காத்துக் கெடக்கு, இவ பொதையலு எடுக்கா!"

மாடம்மாள் பேசாமல் கையால் சேற்றை வழித்துக் காட்டினாள். கோலப்பன் திட்டிக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றார். உளியால் கொத்திய கருங்கல். நடுவே சதுரமாக வெட்டிய வாய். அதில் இறுக்கிச் செருகிய இன்னொரு கல். விளிம்பில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர் பீய்ச்சியது.

"ஓவுக்கல்லு" என்றார் மெல்ல. குடையைப் போட்டுவிட்டார். தண்ணீர் பீய்ச்சும் வேகத்தைப் பார்த்து, திரும்பிக் கிழக்குச் சுவரைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "இவ்வளவு வெள்ளம் உள்ள கெட்டிக் கெடக்கா? எல்லாவனும் மேல வாங்கலே! வேலைய விட்டுட்டு வாங்கலே!"

அவர் கத்தி முடிப்பதற்குள் தென்னந்தடி ஒன்று முறிந்தது. வெடி போட்டதுபோல் சத்தம். ஆட்கள் ஏணியை நோக்கி ஓடினார்கள். இரண்டாவது தடி நழுவிக் கம்பி வலையின் மேல் விழுந்தது. பலகைகளின் நடுவே ஒரு வயிறு தள்ளியது. அதன் இடுக்குகளிலிருந்து சேற்றுத்தண்ணீர் சீறிக் கொட்டியது. ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். மாடம்மாள் கம்பி கட்டுகிறவர்களை எண்ணினாள். பதினொன்று.

"எக்கா!"

வன்னியராஜின் வலது கால் கம்பி வலைக்கும் தடிக்கும் நடுவே சிக்கியிருந்தது. தண்ணீர் அவன் இடுப்புக்கு வந்துவிட்டது. சுதீஷ் எங்கிருந்தோ ஓடி வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏணியில் இறங்கினான். ஓமனாவின் கணவனும் இன்னும் இரண்டு பேரும் பின்னாலேயே இறங்கினார்கள். தடி அசையவில்லை.

மாடம்மாளின் கால்கள் அந்தப் பக்கம் ஓடத்தான் திரும்பின. கோலப்பன் அவள் தோளைப் பிடித்தார். "அங்க போயி நீ என்ன செய்வ? இந்தக் கல்ல எடு! இதுதான் வழி!"

இருவரும் கடப்பாரையைச் செருகி நெம்பினார்கள். கல் மயிரளவு அசைந்து நின்றுவிட்டது. மறுபடி நெம்பினார்கள். கடப்பாரை வளைந்தது. கோலப்பன் இன்னொரு கடப்பாரைக்காகக் கொட்டகைக்கு ஓடினார்.

மாடம்மாள் குழிக்குள் மண்டியிட்டாள். கல்லின் விளிம்பில் வாயை வைத்துக்கொண்டு பேசினாள்.

"குளத்தி! இங்க வா. உள்ளேருந்து தள்ளு."

"சுவரைத் தள்ளாம இருக்கத்தான் பாத்துண்டிருக்கேன்" என்றது குரல். மூச்சு முட்டுகிறவள் பேசுவதுபோல் இருந்தது. "பின்னால பின்னால இழுத்துக்கறேன். எத்தனை நேரம்னு தெரியல. அவன் அழறது கேக்கறது."

"அத விட்டுட்டு இங்க வா. மொத்தமா வா."

"விட்டா விழும்."

"நீ இந்தப் பக்கம் வந்துட்டா அத யாரு தள்ளுவா? வா, தாயி."

மாடம்மாள் தன் நெற்றியைக் கல்லின் மேல் வைத்தாள். பிறகு கல்லுக்குள்ளே, மிகப் பக்கத்தில், குரல் கேட்டது.

"வந்துட்டேன்."

"தள்ளு."

"நீ சொல்லு. நீ சொன்னாத்தான் போவேன்."

மாடம்மாள் வாயைத் திறந்தாள். "போயிட்டு…" என்றாள். வீட்டை விட்டுப் போகிறவர்களிடம் பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வார்த்தை அது. போ என்று யாரையும் அவள் சொன்னதில்லை. ஒன்றரை வருஷத்தில் தன்னை விட்டுப் போனவனைக்கூடச் சொன்னதில்லை.

"வர்றதில்லை, கேட்டயோ" என்றாள் குளத்தி. "சரியாச் சொல்லு."

பள்ளத்திலிருந்து வன்னியராஜ் அலறினான். தண்ணீர் அவன் மார்புக்கு வந்திருந்தது.

"போ" என்றாள் மாடம்மாள். "போ, குளத்தி. போ."

கல் அவள் கையை உரசிக்கொண்டு பாய்ந்தது. அதன் பின்னால் வந்த தண்ணீர் அவளைத் தூக்கிக் குழியின் சுவரில் அடித்தது. கோலப்பன் முடியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அவளும் அதோடு எதிரே வாய் திறந்த மடைக்குள் போயிருப்பாள். நிலத்துக்கு அடியில் ரயில் போவதுபோல் ஓர் இரைச்சல். சந்தின் ஓரத்தில் இருந்த சாக்கடையில் நுரையும் சேறுமாகத் தண்ணீர் பொங்கி, மூடுகற்களைத் தள்ளிக்கொண்டு மேற்கே ஓடியது.

கிழக்குச் சுவரில் சீறிக்கொண்டிருந்த தண்ணீர் நூலாக இளைத்தது. தடியைத் தூக்க ஆட்களுக்கு நேரம் கிடைத்தது. வன்னியராஜை ஒரு பலகையில் கட்டி மேலே ஏற்றினார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. சுதீஷ்தான் கடைசியாக ஏறினான். அவன் மேலே வந்து கால் மணி நேரம் கழித்துப் பலகைகளோடு சுவர் முழுதும் சாய்ந்து விழுந்து பள்ளத்தில் பாதியை மூடியது. யாரும் அங்கே இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுதீஷ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சட்டையில் சேறு காய்ந்து போயிருந்தது. கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தான்.

"திங்களாழ்ச்ச சேச்சி பறஞ்ஞது நான் கேட்டிருக்கணும்" என்றான். பிறகு, "அங்க ஓவு இருக்குன்னு சேச்சிக்கு எப்படித் தெரியும்? ஒரு பிளான்லயும் இல்ல."

"அங்க இருந்தவங்க சொன்னாங்க சார்."

"ஆரு? பழைய ஆள்க்காரா?"

"ஆமா. பழைய ஆளு."

"அவங்களைப் பார்த்து நன்னி சொல்லணுமல்லோ."

"போயிட்டாங்க" என்றாள் மாடம்மாள்.

வேலை நின்றது. ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அவள் சந்துக்குப் போனாள். மூடுகற்கள் இன்னும் கலைந்து கிடந்தன. சாக்கடையின் ஓரமாகவே நடக்கத் தொடங்கினாள். அது ஒரு கால்வாயில் விழுந்தது. கால்வாய் வீடுகளின் பின்புறமாக, வாழைகளுக்கு நடுவே, பாலங்களுக்கு அடியில் ஒளிந்து ஒளிந்து போனது. வழி அடைத்த இடங்களில் சாலைக்கு வந்து சுற்றிக்கொண்டு, மறுபடி கால்வாயைக் கண்டுபிடித்து நடந்தாள். வள்ளக்கடவில் அது பெரிய கால்வாயோடு சேர்ந்தது. அதுதான் பார்வதி புத்தனாறு என்று சொன்னார்கள். ஆகாயத்தாமரை அடைந்து தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் கரையோடு தெற்கே நடந்தாள்.

பூந்துறையை எட்டும்போது மணி மூன்றுக்கு மேல். மழைக்குப் பொழி, ஆற்றுவாயின் மணல்திட்டு, உடைந்திருந்தது. ஆற்றுத்தண்ணீர் காவி நிறத்தில் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குள் வெகுதூரம் ஒரு நாக்குப்போல நீண்டிருந்தது. அதற்கு அப்பால் நீலம். எங்கே காவி முடிகிறது, எங்கே நீலம் தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு முறை பெயரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரைக்கும் வந்தது. கூப்பிடவில்லை. கேட்டு, திரும்பி வந்துவிட்டால், அவளைக் கூட்டிக்கொண்டு போய் எங்கே இருக்கச் சொல்வது?

வலைகளைக் காயவைத்துக்கொண்டிருந்த ஒருவர், அலை பெரிதாக இருக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று மலையாளத்தில் சொன்னார். அவள் தள்ளி நின்றாள். நேரம் ஆகிவிட்டிருந்தது. பஸ் பிடித்துத் திரும்பினாள்.

வன்னியராஜ் மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் நீட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். அவள் சேலையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தான்.

"கடலுக்கா போன?"

"ஆமா."

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசி கழுவினாள். அவன் மெதுவாகக் கேட்டான்.

"எக்கா, அன்னைக்குக் கால் மாட்டிக் கெடக்கும்போது தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்து, அங்கனயே நின்னுட்டு. அதுக்கு மேல ஏறல. சுவத்துல இருந்து ஊத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனாலும் ஏறல. யாரோ புடிச்சு வச்ச மாதிரி." அவன் தயங்கினான். "அவங்க ஒன்கூட என்ன பேசுவாங்க?"

மாடம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கேலி எதுவும் இல்லை. உலையை மூடிவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"மொத நாளு என்ன சொன்னா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள். குளத்தியின் பேச்சு வழக்கு மாறாமல், "மெள்ள எடு. அது என் மேல குத்தறது" என்று அப்படியே பேசிக் காட்டினாள்.